பட்டனில் எடுக்குமா

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் அவர் காதுக்காரர். மற்ற மெக்கானிக்குகள் வண்டியைக் கண்டதும் ஸ்பானரை எடுப்பார்கள். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சின் மேலும் கைப்பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். வண்டிக்காரருக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்து, "செயின் இல்ல, உள்ள ஒரு பேரிங் போயிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அவர் கணிப்பு தப்பிய தடவைகளை ஒரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அதையும் அவரேதான் எண்ணி வைத்திருந்தார்.

பெருமை அவருடைய பலவீனம். அதை மூடி மறைத்துப் பிரயோஜனமில்லை. "உங்களை விட்டா இதுக்கு ஆள் கிடையாதுங்க" என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் விவரமானவர்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த வார்த்தையைக் கையோடு கொண்டுவருவார்கள்.

பட்டறை என்று சொன்னாலும் அது இரண்டு ஷட்டர் அகலமுள்ள ஒரு கூடம்தான். இடது பக்கம் டயர் கடை, வலது பக்கம் கண்ணாடி வெட்டும் கடை. சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே பெயின்டில் வரைந்து, அதன் மேல் ஆணி அடித்து மாட்டியிருந்தார். எது இடத்தில் இல்லை என்று வாசலில் நின்றே தெரிந்துவிடும். ரேடியோ கிடையாது. காதுக்கு வேலை இருக்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்பது அவர் கட்சி.

இந்தப் பட்டறைக்கு மூலகாரணம் ஒரு பைக். காதுக்காரரின் அண்ணன் மின்சார ஆபீஸில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையில் சேர்ந்த வருஷம், ஒருவர் வீட்டுக் கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருந்த இரண்டு சிலிண்டர் பைக் ஒன்றைப் பார்த்தார். ரீடிங் எடுக்கப் போனவர் பைக்கோடு திரும்பி வந்தார். அப்போது தம்பிக்கு இருபது வயது, வேலை வெட்டி ஒன்றும் இல்லை. அண்ணனும் தம்பியும் பதினாலு மாதம் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினார்கள். முதன்முதலில் அது உயிர் பெற்றபோது மூன்று போல்ட்டும் ஒரு வாஷரும் தரையில் மிச்சம் இருந்தன. "அது எக்ஸ்ட்ராடா, கம்பெனிக்காரன் தாராளமா குடுத்திருக்கான்" என்றார் அண்ணன். தம்பி அந்த நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, எது எங்கே போக வேண்டும் என்று அப்புறம் ஒரு வருஷத்தில் கண்டுபிடித்தார். மெக்கானிக் ஆனது அப்படித்தான்.

அந்த பைக்குக்கு மிதித்து எடுக்கும் கிக்கரும் உண்டு, செல்ஃப் ஸ்டார்ட் பட்டனும் உண்டு. அண்ணன் முப்பது வருஷம் பட்டனைச் சீந்தவில்லை. கிக் அடித்தால்தான் வண்டிக்கு மரியாதை என்பார். ஐம்பத்தாறாவது வயதில் இதயத்தில் அடைப்பு என்று சொல்லிக் குழாய் வைத்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளில் டாக்டர் அவர் கையில் ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு, "படி ஏறலாம், மெதுவா. கனம் தூக்கக் கூடாது. கிக் அடிக்கவே கூடாது" என்றார். "பட்டன் இருக்கு டாக்டர், இத்தனை நாளா சும்மாதான் கெடக்கு" என்றார் அண்ணன். அன்றிலிருந்து பட்டன்தான். ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு ஒரு நாள் பட்டனை அழுத்தினால் மோட்டார் மட்டும் ஙீ என்று சுற்றியது, எஞ்சின் அசையவில்லை. அண்ணன் அந்தச் சத்தத்தை போனிலேயே கேட்க வைத்தார். காதுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். "ஸ்டார்ட்டர் கிளட்ச்ண்ணே. உள்ள ரோலர் தேஞ்சிருக்கும். ஆர்டர் போட்டுடறேன். அதுவரைக்கும் பஸ்ல போங்க."

"சரிடா" என்றார் அண்ணன்.

அவர் பஸ்ஸில் போகமாட்டார் என்பது தம்பிக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடியாது. பஸ் வாடையே அவருக்கு ஆகாது.

நாற்பது வருஷத்துப் பழைய வண்டிக்குப் பாகம் கடல் தாண்டித்தான் வர வேண்டும். ஆறு வாரம் கழித்து, உள்ளங்கை அளவு பொட்டலம் ஒன்று வந்தது. மூன்று ரோலர், மூன்று ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மூன்று தொப்பி. அது வந்த அன்று மத்தியானம் பழைய பைக் கிளப்பின் தலைவர் ஐந்து பேரோடு பட்டறைக்கு வந்தார். அவரிடமும் அதே மாடல், அதே கோளாறு. ஞாயிற்றுக்கிழமை இருபது வண்டிகள் வரிசையாக மலைப்பக்கம் போவதாக ஏற்பாடு. தலைவர் வண்டியே தள்ளிக்கொண்டு வந்தால் நன்றாகவா இருக்கும்?

"பெரிய பெரிய கடையில எல்லாம் கையை விரிச்சுட்டாங்க. உங்க ஒருத்தராலதான் முடியும்னு நான்தான் இவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தேன்" என்றார் தலைவர். ஐந்து பேரும் தலையாட்டினார்கள். காதுக்காரருக்கு எங்கேயோ பறப்பது போல இருந்தது. மேஜை மேல் பொட்டலம் கிடந்தது. அண்ணன்தானே, வீட்டு ஆள்தானே, என்ன அவசரம் என்று நினைத்தார். சொந்தக்காரன் வண்டி கடைசியில்தான் என்பது எந்தப் பட்டறையிலும் எழுதாத சட்டம். அன்று சாயங்காலமே அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத் தலைவர் வண்டியில் மாட்டினார். மறுநாள் இன்னொரு செட்டுக்கு ஆர்டர் போட்டார்.

அண்ணன் வாரத்துக்கு இரண்டு முறை போன் பண்ணினார். "டேய், வந்துச்சா?"

"இன்னும் வரலண்ணே."

"கப்பல்ல வருதா, இல்ல நீந்தி வருதா?"

"வந்துரும்ண்ணே. பஸ்ல போங்க."

முதல் பொட்டலம் வந்த இருபத்திமூன்றாவது நாள் காலையில், ஒரு பெட்ரோல் பங்க்கில் அண்ணன் டேங்கை நிரப்பிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்திக் கிக் அடித்தார். நாலோ ஐந்தோ அடித்திருப்பார் என்று பெட்ரோல் போட்ட பெண் சொன்னாள். காற்று அடிக்கும் மெஷின் மேல் சாய்ந்து உட்கார்ந்தவரை, தண்ணீர் கொண்டுவந்து எழுப்பிப் பார்த்தது அவள்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காதுக்காரர் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டார், நாற்காலி வரவழைத்தார், வந்தவர்களுக்கு வழி சொன்னார். "கல்லு மாதிரி நிக்கிறாரு பாரு" என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்தது. அது சரியான வர்ணனை என்றுதான் அவருக்கும் தோன்றியது. மூன்று வாரம் கழித்து இரண்டாவது பொட்டலம் வந்தபோது அதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டு மூடினார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம். அவருக்கு எதுவும் ஆகவில்லை என்பதுதான் அவருக்கு ஆனது. சாப்பிட்டார், தூங்கினார், வேலை செய்தார். ஒரு நாள் சூடான சைலன்சரில் முழங்கையை வைத்துவிட்டு, தோல் பொசுங்கும் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தார். அவர் மனைவி தொடர்ந்து இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். மனிதர் தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போனார். மூன்றாம் நாள் அவளே, "என்னங்க, உப்பு இல்லன்னுகூடச் சொல்லத் தோணலையா?" என்று கேட்டாள். "இல்லையா?" என்றார் அவர். அவள் சமையலறைக்குப் போய் அழுதாள். அதுவும் அவருக்குக் கேட்டது. கேட்டதோடு சரி.

பட்டறையில் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார், எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்கும். பிறகு பேசாமல் பிரித்துப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பார். அது யாருக்கும் தெரியாது.

இந்த நிலைமையில்தான் அண்ணி போன் பண்ணினார்.

அண்ணிக்குப் பல் கட்டும் லேபில் வேலை. வாய் அச்சைப் பார்த்து மெழுகில் பல் வரிசை செய்து, ராவி, பொருத்திப் பார்க்கும் வேலை. லேபை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். "தம்பி, வண்டியைச் சரிபண்ணிக் குடுங்க. நானே ஓட்டிக்கிறேன்."

"நீங்களா அண்ணி?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே அவர் எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்துட்டாரு. உங்களுக்குத் தெரியாது. ஓட்டுவேன், ஆனா கிக் அடிக்க எனக்கு வெயிட் பத்தாது. பட்டன்ல எடுக்கணும்." கூடவே கேட்டார். "அந்தப் பார்ட்ஸ் அப்புறமா வந்துச்சுதானே?"

"வந்துச்சு அண்ணி."

"அப்ப போட்டுருங்க."

வண்டியை ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டுவந்து காதுக்காரர் ஒரு வாரம் பட்டறையில் வைத்திருந்தார். முதலில் கார்புரேட்டரைக் கழுவினார், பிளக் மாற்றினார், புது பேட்டரி வைத்தார், பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றினார். எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மிதி மிதித்தால் போதும். காதுக்காரர் கிக்கர் மேல் கால் வைக்கவே இல்லை. டயர் கடைக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, ஓட்டத்திலேயே கியர் போட்டு எடுத்தார். "அண்ணே, கிக்கர் இருக்கே" என்றார் டயர் கடைக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. இவர் காதில் வாங்காததுபோல் இருந்துவிட்டார். எஞ்சின் ஓடியது. இனி ஸ்டார்ட்டர் கிளட்ச்தான் பாக்கி.

அந்த ஒரு வாரத்தில் அவருக்குள் ஒரு கேள்வி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மரத்துக் கிடந்தது. அந்தப் பொட்டலத்தை வந்த அன்றே போட்டிருந்தால் பட்டனில் எடுத்திருக்குமா? ரோலர் மட்டும் தேய்ந்திருந்தால் எடுத்திருக்கும். ஆனால் சில வண்டிகளில் ரோலரோடு சேர்ந்து, அது கவ்விப் பிடிக்கிற கியரின் கழுத்தும் தேய்ந்திருக்கும். அப்படியானால் புது ரோலரைப் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். அந்த கியருக்கு வேறு ஆர்டர் போட்டு, வேறு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அண்ணன் எப்படியும் கிக் அடித்துத்தான் இருப்பார். நடந்ததுதான் நடந்திருக்கும். யார் மேலும் தப்பில்லை.

ஆக, முப்பத்திரண்டு வருஷத் தொழிலில் முதல் தடவையாக, தான் செய்யப்போகிற ரிப்பேர் தோற்க வேண்டும் என்று காதுக்காரர் ஆசைப்பட்டார். எட்டு மாதத்தில் அவருக்கு வந்த ஒரே ஆசை அது.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு அண்ணி வந்துவிட்டார். லீவு போட்டிருந்தார். "நான் பார்க்கணும் தம்பி. ஓட்டப்போறவளுக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?" என்று பிளாஸ்டிக் நாற்காலியை வண்டிக்கு ஒரு அடி தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை.

காதுக்காரர் ஆயிலை வடித்தார். இடது பக்கத்து மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, எது எந்த ஓட்டைக்கு என்று ஒரு அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்தார். மூடி வர மறுத்தது. உள்ளே இருக்கிற காந்தம் அப்படி இழுக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டிக் கொடுத்ததும் விட்டது. உள்ளே தட்டு மாதிரி ஒரு சக்கரம், ரோட்டார். நடு போல்ட்டை எடுத்துவிட்டு, இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டித் திருகினார். டங் என்று ஒரு சத்தத்தோடு ரோட்டார் தண்டிலிருந்து கழன்று வந்தது. அந்தச் சத்தம் எந்த மெக்கானிக்குக்கும் இனிக்கும். அவருக்கு இனிக்கவில்லை.

ரோட்டாரைத் திருப்பி மேஜை மேல் வைத்தார். பின்பக்கத்தில் ஸ்டார்ட்டர் கிளட்ச். மூன்று பள்ளத்தில் மூன்று ரோலர்.

"இது என்ன பண்ணும்?" என்றார் அண்ணி.

"பட்டனை அழுத்துனா மோட்டார் இந்த கியரைச் சுத்தும். கியரோட கழுத்து இந்த வட்டத்துக்குள்ள போய் உக்காந்திருக்கும். நடுவுல இந்த மூணு ரோலரும் இறுகிப் பிடிச்சாத்தான் எஞ்சினும் சேர்ந்து சுத்தும். எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் தானா விட்டுரும். ரோலர் தேஞ்சா பிடிக்காது. மோட்டார் அதுபாட்டுக்குச் சுத்தும், எஞ்சின் அப்படியே நிக்கும்."

"இந்த மூணு ரோலருக்காகவா?"

"இந்த மூணு ரோலருக்காகத்தான்."

அண்ணி ஒன்றை எடுத்துத் துணியில் துடைத்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். பல்லைப் பார்த்துப் பழகிய விரல்கள். "ஒரு பக்கம் சப்பையாயிடுச்சு" என்றார். "எங்ககிட்ட வர்ற பல்லும் இப்படித்தான். கடிக்கிற பக்கம் மட்டும் தேஞ்சிருக்கும்."

ரோலர் தேய்ந்திருக்கிறது என்று போனில் கேட்டுச் சொன்னது சரியாகத்தான் இருந்தது. வேறு நாளாயிருந்தால் அதற்கு ஒரு தடவை தெருவையே கூப்பிட்டுக் காட்டியிருப்பார். இப்போது அவர் கண் ரோலரில் இல்லை. கியரை எடுத்தார், கழுத்தைத் துடைத்தார், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு இடத்தில் மெல்லிய கோடு மாதிரி தெரிந்தது.

"இதுவும் போயிருக்கும்போல அண்ணி. கோடு விழுந்திருக்கு."

"குடுங்க." அண்ணி வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மெதுவாக ஒரு சுற்று ஓட்டினார். இன்னொரு சுற்று. "கோடெல்லாம் இல்ல தம்பி. ஆயில் கறை. வழுவழுன்னு இருக்கு."

"இல்ல, ஒரு இடத்துல—"

அண்ணி சேலைத் தலைப்பாலேயே அழுத்தித் துடைத்துக் காட்டினார். கோடு காணாமல் போயிருந்தது. "ஏன், இது கெட்டுப்போயிருக்கணும்னு இருக்கா உங்களுக்கு?" என்றார், விளையாட்டாகத்தான். காதுக்காரர் கியரை வாங்கிக்கொண்டார். அண்ணி அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

காதுக்காரர் இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கும்போது காகிதம் கிழியும் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. மூன்று ஸ்பிரிங், மூன்று தொப்பி, மூன்று ரோலர். முதல் பள்ளத்தில் ஸ்பிரிங்கும் தொப்பியும் வைத்து ரோலரைப் போட்டார். இரண்டாவதும் போட்டார். மூன்றாவது ஸ்பிரிங்கைக் கையில் எடுத்தபோது நிறுத்தினார்.

அரிசி நீளம்கூட இருக்காது. இதைப் போடாமல் விட்டால் மூன்றாவது ரோலர் தளர்ந்து கிடக்கும், கிளட்ச் சரியாகப் பிடிக்காது. பட்டனை அழுத்தினால் பழைய மாதிரியே ஙீ என்று சுற்றும். "பார்த்தீங்களா அண்ணி, அப்பவே போட்டிருந்தாலும் எடுத்திருக்காது" என்று சொல்லலாம். இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அண்ணி சரியாக அப்போது கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. வாயால் பொய் சொன்னவர்தான். இருபத்திமூன்று நாள் வாய் கூசாமல் சொன்னவர். ஆனால் கை அந்தப் பொய்யைப் பழகியிருக்கவில்லை. விரல் தானாகவே ஸ்பிரிங்கைப் பள்ளத்துக்குள் தள்ளியது, தொப்பியை வைத்தது, ரோலரைப் போட்டது. போட்டு முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அதற்கப்புறம் வேலை நேர்க்கோட்டில் போனது. போல்ட்டுகள் கழன்றுவிடாமல் இருக்கப் பசை தடவி முறுக்கினார். தண்டைத் துடைத்து, ரோட்டார் நழுவாமல் பிடிக்கும் சின்னச் சாவித்துண்டை அதன் பள்ளத்தில் வைத்து, கியரையும் ரோட்டாரையும் ஏற்றினார். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தார். மூடியை மாட்டினார், ஆயில் ஊற்றினார். பசை காயட்டும் என்று இருவரும் டீ குடித்தார்கள். கண்ணாடிக் கடையில் யாரோ கண்ணாடி வெட்டுகிற கிறீச் சத்தம் கேட்டது. லேப் புது இடத்தில் கேண்டீன் நன்றாக இல்லை என்று அண்ணி சொன்னார். "அப்படியா" என்றார் காதுக்காரர்.

"சரி, நீங்களே அழுத்துங்க" என்றார் அண்ணி.

காதுக்காரர் சாவியைத் திருப்பினார். நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. கட்டைவிரலைப் பட்டன் மேல் வைத்தார். எடுக்கக்கூடாது என்று நினைத்தார். அப்படியே அந்த வார்த்தைகளிலேயே நினைத்தார். அழுத்தினார்.

டக் என்று ஒரு பிடி. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. எட்டு மாதத்தில் அந்த முகத்தில் அவர் பார்க்காத சிரிப்பு. காதுக்காரர் வண்டிப் பக்கத்தில் நின்றார். எஞ்சின் சத்தம் வெவ்வேறு சத்தமாகப் பிரிந்து பிரிந்து அவருக்குக் கேட்டது. செயின் தனியாக, வால்வு தனியாக, சைலன்சர் தனியாக. எதிலும் கோளாறு இல்லை.

"அண்ணி, இந்தப் பார்ட்ஸ் முன்னாடியே வந்துருச்சு" என்றார்.

"என்ன?" என்று கத்தினார் அண்ணி, காதில் கையை வைத்துக்கொண்டு.

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். பட்டறை ஒரேயடியாக அமைதியாகிவிட்டது.

"இந்தப் பார்ட்ஸ் அண்ணன் இருக்கும்போதே வந்துருச்சு."

"அப்புறமா வந்துச்சுன்னு சொன்னீங்க."

"அது ரெண்டாவது செட்டு. முதல்ல வந்ததை இன்னொருத்தர் வண்டியில போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை ஊர் சுத்தப் போகணும்னு கேட்டாங்க. என்னால மட்டும்தான் முடியும்னு சொன்னாங்க. போட்டுட்டேன். அண்ணன்கிட்ட இன்னும் வரலன்னு சொன்னேன்."

அண்ணியின் சிரிப்பு போகச் சிறிது நேரம் பிடித்தது. "எத்தனை நாளைக்கு முன்னாடி வந்துச்சு?"

"இருபத்திமூணு நாள்."

அண்ணி வண்டி சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். திட்டுவார் என்று காதுக்காரர் நின்றார். எத்தனையோ தடவை மனசுக்குள் அந்தத் திட்டை ஒத்திகை பார்த்திருக்கிறார். எந்த வார்த்தை வந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"இன்னைக்கு இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்றார் அண்ணி.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ குடிச்சதைக் கழிச்சா மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரம்." அண்ணி தலையை மெதுவாக ஆட்டினார். "அவரு உங்க மேல ஒரு தடவைகூடக் கோவப்படல தம்பி. தெனமும் காலையில கிக் அடிக்கும்போது அந்தக் கப்பல்காரனைத்தான் திட்டுவாரு. படுபாவி எங்கேயோ நங்கூரத்தைப் போட்டுட்டுத் தூங்குறான், என் தம்பி அவன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறான்னு."

காதுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணி ஹெல்மெட்டை எடுத்தார். பிறகு குனிந்து, வண்டியின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இந்தக் கிக்கரைக் கழட்ட முடியுமா?"

"ஒரே போல்ட்தான்."

"கழட்டிருங்க. எனக்கு அது வேணாம்."

காதுக்காரர் சுவரிலிருந்து ஸ்பானரை எடுத்து வந்து மண்டியிட்டார். எட்டு மாதமாகத் தொடாததைத் தொட்டார். கிக்கரின் கால் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தது, அண்ணன் பாதத்தைச் சாய்த்து வைத்து மிதிக்கிற பக்கத்தில். போல்ட்டைக் கழற்றி, கிக்கரை உருவி எடுத்து எழுந்து அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி வாங்கவில்லை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தார். அவருக்குக் கால் நன்றாகவே எட்டியது. பட்டனை அழுத்தினார். டக். கிளட்ச்சைப் பதமாக விட்டு, ஷட்டர் படியை மெதுவாக இறக்கி, இடது பக்கம் திரும்பிப் போனார். ஓட்டத் தெரிந்தவர் ஓட்டுகிற மாதிரிதான் இருந்தது. அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதானே.

காதுக்காரர் வாசலில் நின்று கேட்டார். முதல் திருப்பத்தில் இரண்டாவது கியர். மார்க்கெட் பக்கம் மூன்றாவது. சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. பழக வேண்டும், முதல் நாள்தானே. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவ்வளவு தூரத்திலிருந்தும் எஞ்சின் மறுபடி உயிர் பெறும் சத்தம் அவருக்குக் கேட்டது. பட்டனில்தான் எடுத்திருப்பார். வேறு வழி இல்லையே அந்த வண்டிக்கு இப்போது.

கையில் கிக்கர் கனத்தது. இரும்புத்துண்டு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. உள்ளங்கை வலித்தது. முழங்கையில் ஆறிப்போன சைலன்சர் தழும்பு வலித்தது. நெஞ்சு வலித்தது, பயந்துபோகிற அளவுக்கு.

டயர் கடைக்காரர் டியூப்பைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டே தலையைத் திருப்பினார். "என்னண்ணே, பட்டன்ல எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சு."

"முதல் தடவையேவா?"

காதுக்காரர் வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக வேறு ஏதோ வந்தது. டயர் கடைக்காரர் டியூப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து, அவரைத் தோளைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். கிக்கரை வாங்கி வைக்கப் பார்த்தார். அவர் கொடுக்கவில்லை.

"முதல் தடவையே" என்றார் அழுதுகொண்டே.